பாதியில் வெட்டிய பெயர்

அன்பு மகள் பெகிமாய்க்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். ஏரிக்காற்று இன்னும் குளிராகத்தான் வருகிறது, ஆனாலும் ஆப்ரிகாட் மரங்கள் பூத்துவிட்டன, சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. நீ நலமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கேட்கும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டவன், இருந்தாலும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசும்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் போனை என் பக்கம் நீட்டுவாள், சரியாக அப்போது பார்த்து உனக்கு ஆஸ்பத்திரியில் அவசர வேலை வந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போனை வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசி வரை படி, பிறகு கிழித்துப் போட வேண்டுமென்றால் போடு.

நர்ஸ் வேலையில் உன் முதல் ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து நீ அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து வைத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய், நினைவிருக்கிறதா, "அப்பா, சந்தையில கண்ட சிடிய வாங்கி இதுக்குள்ள போட்றாதீங்க" என்று. நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஞாயிறே கராகோல் சந்தைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன் பேச்சு இருக்கிறதே, அவன் கையில் கிழட்டுக் கழுதையைக் கொடுத்தால் பந்தயக் குதிரை என்று விற்றுவிடுவான். ஆங்கிலம் கற்றுத்தரும் சிடி வாங்கினேன், மூன்றாம் பாடத்தோடு மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னது, அதனால் எனக்கு இன்றுவரை ஆங்கிலத்தில் விமான நிலையத்தில் பெட்டியைத் தொலைக்க மட்டும்தான் தெரியும். வீட்டு வைத்தியர் என்று ஒன்று வாங்கினேன். முழங்கால் வலி, கால் வீக்கம் என்று தட்டியதற்கு உன் அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் என்றது, ஐம்பத்தெட்டு வயதில். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிடி. அது சுத்தமாகத்தான் செய்தது, நீ நர்ஸ் படிப்பு முடித்த அன்று எடுத்த படங்களையெல்லாம் சேர்த்துத் துடைத்துவிட்டது. உன்னிடம் வைரஸ் வந்துவிட்டது என்றேன். வைரஸ் இல்லை கண்ணு, நான்தான். இத்தனைக்கும் பிறகு புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. எண்பது சோமுக்கு வம்சாவளி சிடி என்று ஒன்றைக் காட்டி, "பெரியவரே, ஏழு தலைமுறை என்ன, எழுபது தலைமுறை போட்டாலும் தாங்கும். பெரிய பெரிய ஆளுங்க வீட்டுல எல்லாம் இதுதான் ஓடுது" என்றான், நான் வாயைப் பிளந்துகொண்டு வாங்கி வந்தேன்.

அது மனிதர்களுக்கானதே இல்லை என்று போட்ட முதல் நாளே தெரிந்தது. நாய் வளர்ப்பவர்களுக்காக யாரோ செய்ததை யாரோ அரைகுறை ரஷ்ய மொழியில் மாற்றி வைத்திருந்தார்கள். பிள்ளை என்று வர வேண்டிய இடத்தில் குட்டி என்று வரும். பெயரை முழுதாக வாங்காது, நாய்க்கு எதற்கு நீளப் பெயர் என்று முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை வெட்டிவிடும். என் பெயரே எசென் என்று மொட்டையாக நின்றது. இன்னும் காசு கட்டினால் முழுப் பெயர் வரும் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. யார் கட்டுவது, யாருக்குக் கட்டுவது? எனக்கு அது உறுத்தவே இல்லை. முப்பது வருடம் கூட்டுப்பண்ணையில் செம்மறிக் கிடாக்களுக்கு வம்சம் எழுதியவன்தானே, அந்தப் பெட்டியின் பேச்சு எனக்குப் பழகின பேச்சாகவே இருந்தது. நம் பக்கத்து ஆட்களை எல்லாம் ஏற்றிவிட்டு, உன்னைப் பெண் கேட்டிருந்த உலானின் அப்பா மாம்பெத்திடம் அவர்கள் தலைமுறையையும் கேட்டு எழுதி வாங்கி வந்து ஏற்றினேன்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லித் தீர்க்க வேண்டும். அவர்கள் உன் காதில் நிச்சயத் தோடு போட வந்திருந்தார்கள். ஆடு அடித்தாகிவிட்டது, உலானின் அம்மா தோட்டைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். நான் பெரிய மனுஷத்தனமாகக் கம்ப்யூட்டரை எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்து, இரண்டு பேர் பெயரையும் கொடுத்துத் தட்டினேன். சிவப்புக் கட்டம் வந்தது. நான் அதை அப்படியே சத்தமாகப் படித்தேன், "ஐந்தாம் தலைமுறையில் ஒரே ஆண். இந்த ஜோடியைச் சேர்க்க வேண்டாம். குட்டிகள் நிற்காது." உன் எதிரில், அவன் எதிரில், இரண்டு வீட்டுப் பெண்கள் எதிரில் படித்தேன். மாம்பெத் ஒருவர்தான் நிதானமாகப் பேசினார். "எங்க அஞ்சாவது தலைமுறை தொக்தோனாலி, மலைக்கு அந்தப் பக்கம் நரின்ல இருந்து வந்தவரு. உங்க தொக்தோசுன் இந்த ஏரிக்கரைய விட்டு நகர்ந்ததே இல்ல. ரெண்டு பேரும் எப்படிய்யா ஒரே ஆளாவாங்க?" என்றார். அந்தக் காலத்தில் பனியில் கணவாய் தாண்டிப் போனவன் வேறு பெயரோடு திரும்பியது உண்டு, வாய் மாற்றிச் சொல்லும், கம்ப்யூட்டர் சொல்லாது என்று நான் சாதித்தேன். ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் கல்யாணம் கூடாது, இருக்கிறது என்று ஒருவன் சொன்ன பிறகு யார் துணிவார்கள்? அந்த அம்மா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நீ தேநீர்க் கெண்டியோடு வாசற்படியில் நின்றபடி, "அப்பா, அந்தப் பெட்டிய நான்தானே உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்" என்றாய். மாதம் முடிவதற்குள் நோவோசிபிர்ஸ்குக்கு ரயிலேறிவிட்டாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் தம்பி தானியாரின் மகனுக்குப் போன வாரம் தொட்டில் விருந்து. பையன் அச்சு அசல் உன் அம்மா, அதே மூக்கு, அதே கோபம். பேரனுக்கு என் பரிசாக இருக்கட்டும் என்று வம்சாவளியைப் பன்னிரண்டு தாளில் அச்செடுத்து ஒட்டிச் சுவரில் மாட்டினேன். உன் அத்தை வீட்டுக்காரர் ஷப்தானைத் தெரியுமே, சும்மா இருப்பாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவர் நடுவில் நின்றார். "யோவ் மச்சான், என்னய்யா இது, உங்க தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு நாலு பொண்டாட்டி, பத்தொன்பது புள்ளையா? மனுஷன் எப்பதான்யா ஆடு மேய்ச்சாரு?" கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் விடவில்லை. "தொக்தோசுன், தொக்தோகுல், அந்த நரின்காரங்களோட தொக்தோனாலி, மூணு பேரையும் உன் பெட்டி ஒரே சட்டைக்குள்ள திணிச்சு வச்சிருக்கு. வெறும் தொக்தோன்னு போட்டா யாருன்னு தெரியும்? இந்த நாட்டுல புள்ள தங்காத வீட்டுல எல்லாம் ஒரு தொக்தோ இருப்பான்" என்றார். எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் எழுந்து சுவரருகே போனேன். நம் தொக்தோசுனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை, நான்காவதையாவது நில், போய்விடாதே என்று கெஞ்சித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். மாம்பெத்தின் முன்னோர் வீட்டிலும் அதே துக்கம், அதே கெஞ்சல். அவ்வளவுதான் அந்த இரண்டு வீட்டுக்கும் உறவு. அழுதுகொண்டு வைத்த பெயரை அந்தச் சிடி பாதியில் வெட்டி, இரண்டு பேரை ஒருவராக்கி, அதை வைத்து நான் உன்னை வெட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாம்பெத் வீட்டுக்குப் போனேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதே, இருக்கிற முகம் ஒன்றுதான். பெயர் வெட்டுப்பட்ட விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாம்பெத் ரொட்டியை என் பக்கம் தள்ளினார், சாப்பிடு என்று சொல்லவில்லை. "அன்னைக்கு நான் வாயால சொன்னது உனக்குப் பத்தல. இன்னைக்கு நீ வாயால சொல்றது எனக்கு எப்படிய்யா பத்தும்?" என்றார். தோடு இப்போது அங்கே இல்லை, போன இலையுதிர் காலத்தில் இளையவன் பெண்டாட்டி காதில் போட்டுவிட்டார்கள். அண்ணன் இருக்கத் தம்பிக்குக் கல்யாணம் செய்யும்படி ஆகிவிட்டது, உலான் யாரைக் காட்டினாலும் வேண்டாம் என்கிறான் என்று அவன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உலான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் கிளம்பும்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அவ நம்பர் மட்டும் குடுங்க மாமா" என்றான். அந்த மாமா என்ற வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. கொடுக்கவில்லை. அவளைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவும் அறிவாள். அன்றிலிருந்து என் தேநீரில் பாலேடு விழுவதில்லை. அந்தச் சிடியை எடுத்துக் காக்கை குருவி விரட்ட ஆப்ரிகாட் மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், குருவிகள்கூட அதை மதிக்கவில்லை, அதன் மேலேயே உட்காருகின்றன. "அந்த எழவெடுத்த சிடிதான் என் பொண்ண ஊரை விட்டே விரட்டுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், எல்லோரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள், நானும் கூட நின்று தலையாட்டுகிறேன். அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். மாம்பெத்தின் தலைமுறையை ஏற்றிய அன்று, தொக்தோனாலி என்று நான் அடித்ததும் அது என்னைக் கேட்டது. இந்தப் பெயரில் ஒரு விலங்கு ஏற்கெனவே உள்ளது, அதுவும் இதுவும் ஒன்றா, ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் வந்தது. நான் படித்தேன் பெகிமாய். அவசரத்தில் அழுத்திவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அவசரம் ஒன்றும் இல்லை, எதிரில் இருந்த தேநீர் ஆறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். உலான் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீடு இங்கிருந்து இருபது கிலோமீட்டர், அது எனக்குத் தூரமாகப்பட்டது. மாலையில் வேலை முடிந்து நீ வந்து கதவைத் திறக்கும் சத்தம் நின்றுவிடும் என்று பட்டது. ஆம் என்று அழுத்தினேன். சிடி மலிவான சிடிதான், ஆனால் அது கேட்டது, கேட்டுவிட்டுத்தான் செய்தது. நான் உன்னைக் கேட்கவே இல்லை. இருபது கிலோமீட்டருக்குப் பயந்தவன் இன்று நோவோசிபிர்ஸ்குக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும், அதனால் எழுதவில்லை. உன் நம்பரை உலானுக்குக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? இதை மட்டும் சொல். அம்மாவிடம் சொன்னாலும் போதும், என்னிடம்தான் பேச வேண்டும் என்றில்லை. வேண்டாம் என்றால் அவனிடம் போய் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு வருவேன், ஏன் என்று உன்னைக் கேட்கமாட்டேன். அந்தப் பொத்தான் கதையையும் அவர்களிடம் நானே போய்ச் சொல்வேன், உனக்குச் சொல்லாமல் முதலில் அவர்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் காத்திருக்கிறேன். உன் பதில் வரும் வரை நான் எதையும் அழுத்தமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. பார்சலில் உலர்ந்த ஆப்ரிகாட்டும் கம்பளிக் காலுறையும் அம்மா வைத்திருக்கிறாள், அங்கே மே மாதத்திலும் பனி விழுமாமே, காலுறையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் கதவைத் திறந்துகொண்டு நல்லவர்களே வரட்டும், உன் வழியில் எவனும் குறுக்கே நிற்காமல் இருக்கட்டும், நான் உட்பட.

இப்படிக்கு உன் அப்பா,
தொக்தோசுன் வழிவந்த ஜாபார்குலின் மகன் எசென்குல்.
(பெயர்களை முழுதாக எழுதியிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.)