பெற்றோர் கையெழுத்து

டோர்மெர், டெக்சஸ்
புதன்கிழமை காலை

அன்புள்ள அர்துரோவுக்கு,

நெல்டா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆரம்பித்துவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் எப்போதும் நீதான் ஜெயிக்கிறாய். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்து வைக்கிறாய். இருபது வருடமாக அப்படித்தான். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நம் மகளைப் பற்றி. பள்ளியில் விளையாட்டு மருத்துவ வகுப்பில் மரிசாவுக்கு இது மூன்றாவது வருடம். பிசியோதெரபிதான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். படுக்கைக்கு மேலே எலும்புக்கூட்டுப் படம் ஒட்டியிருக்கிறாள். அறைக்குள் துணி வைக்கப் போனால் எனக்குத்தான் தூக்கிவாரிப் போடுகிறது. நான் பீன்ஸ் கிளறிக்கொண்டிருக்கும்போது கீழே உட்கார்ந்து என் கணுக்காலுக்குக் காயக்கட்டுப் பட்டி சுற்றிப் பழகுகிறாள். போன வாரம் அதைக் கழற்ற மறந்து அப்படியே கடைக்குப் போய்விட்டேன். கல்லாவில் இருந்த டெல்ஃபினா, “வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துல நீயும் எறங்குறியா நெல்டா? எந்த இடத்துல ஆடுறே?” என்று கேட்டு வரிசையில் நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தாள்.

இனி நம் மகன் எலிசியோ. இரண்டு வெள்ளிக்கு முன் ஆட்டத்தில் நடந்ததை அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். பாதிதான் சொல்லியிருப்பான்.

மூன்றாவது கால்பகுதியில் தலையோடு தலை அந்த மோதல். சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. எழுந்தான், கையை உயர்த்தினான், எல்லோரும் கைதட்டினோம். பிறகு நேரே நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், அர்துரோ. அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. சிரிக்காதவள், அணிக்கு உதவியாக ஓரத்தில் நின்ற மரிசா ஒருத்திதான். ஓடிப்போய் அவனைக் கூட்டிவந்தாள். அடிபட்ட பையனிடமிருந்து முதலில் ஹெல்மெட்டைப் பிடுங்கிவிட வேண்டும், ஹெல்மெட் இல்லாமல் எவனும் மைதானத்துக்குள் ஓட முடியாது என்பது அவர்கள் வகுப்பில் சொல்லித்தந்தது. பிடுங்கி, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “எந்திரிடி பேயே, குடுடி அத!” என்று இவன் கத்துகிறான். “நம்ம அப்பாவே வந்து கேட்டாலும் எந்திரிக்க மாட்டேன், போடா” என்று அவள் அசையவில்லை.

மூன்று புள்ளியில் தோற்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேவாலயத்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. அது போகட்டும், கைப்பை வைக்க இடமாயிற்று.

நேற்று டாக்டர் எலிசியோவைப் பார்த்தார். ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டுதான் சொன்னான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். தள்ளாடினான். ஆனால் சீசன் தொடங்குமுன் ஆகஸ்டில் எடுத்த சோதனையிலும் அதே இரண்டு, அதே தள்ளாட்டம். “அப்ப எப்படி இருந்தானோ இப்பவும் அப்படியேதான் இருக்கான்” என்று சொல்லி, விளையாடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஆகஸ்ட் சோதனையில்தான் கோளாறு. ஞாயிறன்று நீ போனை வைத்த பிறகு மரிசா என்னைத் துணி துவைக்கும் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். ஆகஸ்டில் அவனைச் சோதித்தது அவளேதான். வகுப்புப் பயிற்சி என்று ஆளுக்குப் பத்துப் பையன்களைக் கொடுத்திருக்கிறார்கள். எழுபது ஆட்ட முறைகளைத் தலைகீழாக ஒப்பிப்பவன், ஐந்து சொல்லில் இரண்டுதான் நினைவிருக்கிறது என்றானாம். டிரக்கின் பின்கதவு மேல் ஒற்றைக் காலில் நின்று டாக்கோ தின்பவன், தரையில் தள்ளாடினானாம். கூடவே கண்ணடித்திருக்கிறான். “இப்பவே மட்டமா செஞ்சு வெச்சிட்டா, நாளைக்கு அடிபட்டாலும் ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதுல்ல? எல்லாரும் செய்யறதுதான், எழுதுடி” என்றானாம். அண்ணன் சொல்கிறானே என்று இவளும் எழுதிவிட்டாள்.

“நான்தாம்மா எழுதுனேன், என் கையாலதாம்மா எழுதுனேன்” என்று அழுதாள். திங்களன்று யாரும் சொல்லாமல் அவளே போய் மிஸ் கெர்ஸ்டனிடம் ஒப்புக்கொண்டாள். அணியின் காயங்களைப் பார்ப்பதும் அந்த வகுப்பை எடுப்பதும் அவர்தானே. அவர் நம்பினார். டாக்டருக்கும் கோச் ஹாலமனுக்கும் சொன்னார். டாக்டர் காகிதத்தில் இருப்பதைத்தான் பார்ப்பேன் என்றுவிட்டார். கோச் என்னைக் கூப்பிட்டு, “தண்ணி பாட்டில் தூக்குற பொண்ணு பேச்சைக் கேட்டுட்டு டாக்டர் பேச்சைத் தள்ளச் சொல்றீங்களா? பொண்ணுக்கு அண்ணன் மேல ஏதோ கோவம்” என்றார். மரிசாவை மைதானப் பக்கம் வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். தவறாக எழுதியதற்குத் தண்டனையாம். பொய் சொன்னவன் ஆடப் போகிறான், உண்மையைச் சொன்னவள் உள்ளே துண்டு மடிக்கிறாள். இதைக் கேட்டு உனக்குச் சிரிப்பு வந்தால் சொல், எனக்கு வரவில்லை.

மிச்சம் இருப்பது பெற்றோர் கையெழுத்து ஒன்றுதான். டாக்டர் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அதில் நம் இருவரில் ஒருவர் எழுதினால் வெள்ளிக்கிழமை அவன் இறங்கலாம். கல்லூரியிலிருந்து அவனைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க ஆள் வருகிறார் என்று எனக்கும் தெரியும். “போட்டுக் குடு நெல்டா, இதுக்குத்தான அவன் எட்டு வயசுலேர்ந்து விழுந்து எந்திரிக்கிறான்” என்று ஞாயிறன்றே நீ சொன்னாய். நீ சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. அந்தப் பையனின் ஆசை எனக்கு மட்டும் தெரியாதா? காலையில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டுவிட்டால் வீட்டில் சண்டை ஓயும், ஊரும் மறுபடி என்னோடு பேசும்.

ஆனால் நீ வடக்கே வேலை முகாமில் இருக்கிறாய், இங்கே இருப்பவள் நான். சமையலறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான். கரண்டி கீழே விழுந்தால் காதைப் பொத்துகிறான். பள்ளி விட்டு வந்ததும் நான்கு மணிக்கே படுத்துவிடுகிறான். கேட்டால், “சும்மா இரும்மா, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறான். இரண்டு வாரமாக ஒரு சோளரொட்டி கூடச் சண்டை போட்டுப் பிடுங்கித் தின்னவில்லை. தங்கையிடம் பேசுவதில்லை. அவள் மட்டும் தினமும் காலையில் அவன் கண்மணிகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதற்காகத்தான் போன் வேண்டாம் என்று நினைத்தேன்.

நேற்று பாத்திரம் துடைக்கும்போது மரிசா கேட்டாள்: “அப்பா ஆடுன காலத்துல அவருக்கு இப்படி எத்தன தடவ அடிபட்டிருக்கும்?” நான் விளையாட்டாக, “யாரு எண்ணுனா? மூக்குல மருந்தக் காட்டி முழிக்க வெச்சுத் திரும்ப எறக்கி விடுவாங்க” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்கறது எப்பலேர்ந்தும்மா?” என்றாள். நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது துடைத்த தட்டுதான்.

அர்துரோ, ஞாயிறன்று வெந்நீர்க் கொதிகலனைச் சரிசெய்தாயிற்றா என்று மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் முதல் தடவை போலவே பதில் சொன்னேன். இரண்டு வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன். மார்ச்சில் லீவில் வந்திருந்தபோது நம் தெருமுனையில் டிரக்கை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டாய். நான் வேடிக்கை போலச் சிரித்து வழி சொன்னேன். பனியில் குழாய் போடும் வேலை, அசதி என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. மரிசாவுக்கும் தெரியாது. “என்ன கேக்கணும்னுதாம்மா எங்களுக்குச் சொல்லித் தராங்க, பதில் டாக்டருக்குத்தான் தெரியும்” என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பேருக்காகப் பயப்பட என்னிடம் தெம்பு இல்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. நீ அவனுக்குத் தகப்பன், உன் கையெழுத்தும் செல்லும். உன்னிடமிருந்து அதை மறைக்கவோ கிழிக்கவோ எனக்கு உரிமை இல்லை. அதனால் டாக்டர் கொடுத்த அந்தத் தாளை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உங்கள் முகாமுக்குத் தபால் விமானம் செவ்வாய்க்கிழமைதான் வரும். ஆட்டம் வெள்ளிக்கிழமை. வேறு தாள் எழுதிவாங்கலாம் என்றால் டாக்டர் இன்று விடியலிலேயே மான் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார், திங்களன்றுதான் திரும்புவார். இதெல்லாம் தெரிந்துதான் செய்கிறேன். எலிசியோ என்னை மன்னிக்கப் பல வருடம் ஆகலாம். மன்னிக்கும்போது நடந்தது எல்லாம் அவன் நினைவில் இருந்தால் எனக்கு அது போதும்.

கோபம் வந்தால் போன் செய்து கத்து. நான் குறுக்கே பேச மாட்டேன். கத்தி முடித்த பிறகு எனக்காக ஒன்று செய். முகாமுக்கு வியாழக்கிழமைகளில் டாக்டர் வருகிறார் என்றாயே, அவரிடம் போ. அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மரிசா தனியாக எழுதித் தந்திருக்கிறாள், அதுவும் உள்ளே இருக்கிறது. அவர் ஐந்து சொல் சொல்வார். நினைவிருப்பதைச் சொல். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல். வெட்கப்படாதே, சமாளிக்காதே, அவரைச் சிரிக்க வைக்காதே. என் மேல் ஆணை.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது விமான நிலையத்தில் நான் நிற்பேன், வண்டியை நானே ஓட்டிக்கொள்கிறேன்.

உன்னுடைய,
நெல்டா