அரை மூடியும் ஆறு மூடியும்

எருமப்பட்டி
ஆடி 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் பதினோரு ஆடுகளும் நலம். அந்தக் குளிர் நாட்டில் விதைப் படிப்புப் படிக்கும் நீயும் நலமாயிருக்க அங்காளம்மன் துணை. என் கண்ணு சாமி, இது நானே எழுதும் முதல் கடிதம். முதியோர் வகுப்பில் ஆறு மாதத்தில் இவ்வளவு வந்துவிட்டது. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது, ஆனாலும் நிறுத்த மனமில்லை. போனில் சொன்னால் போதாதா என்று அம்மா கேட்டாள். எழுத்தில் செய்த தப்பை எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

நம் சோள விதை பழசாகி நூற்றுக்கு நாற்பத்தாறுதான் முளைக்கிறது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. புண் கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊறவைக்கச் சொன்னாய். விதைக்குள் வினைமிகு ஆக்சிஜன் என்று ஒன்று அளவாக எழுந்தால் உறக்கம் கலையும், அளவு மீறினால் கரு வெந்துபோகும் என்றாய். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "பேருலயே வினை இருக்குது, அது நமக்கு எதுக்குங்க?" என்றாள். நான் சிரித்தேன். லிட்டருக்கு அர மூடி என்று நீ சொன்னதை உடனே தாளில் எழுதினேன். எனக்கு ஆ நன்றாக வரும், சுழியைப் பார்த்து டீச்சரே மெச்சியிருக்கிறாள். அந்த ஆசையில் ஆ போட்டு, பெரிய ற-வும் போட்டுவிட்டேன். மறுநாள் எடுத்துப் படித்தேன். ஆற மூடி என்றிருந்தது, அதை ஆறு மூடி என்று எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் காதில் விழுந்தது மனதில் நிற்கும். இப்போது தாள் இருக்கிறதே என்று மனது விட்டுவிட்டது. மருந்துக்கடைக் குமரன் மூன்று பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, ஊரெல்லாம் புண்ணுங்களா?" என்று கேட்டான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஐந்து கிலோ விதையையும் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, நேற்றுக் காலை நூறு மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். சாயங்காலம் பெருமையாகத் தாளை டீச்சர் மோனிஷாவிடம் காட்டினேன். "ஏனுங்கப்பாரு, இது அரையா, ஆறாங்க?" என்றாள். நீ சொன்னது அரைதான் என்று அப்போதுதான் நினைவு வந்தது.

மூன்றாம் நாள் காலைதான் பிரிக்க வேண்டும் என்றாய். இன்று நாலு தடவை சாக்கருகே போய்விட்டேன். ஐந்தாம் தடவை அம்மா, "போயி அந்தப் பேனாவப் புடிங்க, கை சும்மா இருக்காதா உங்களுக்கு" என்று விரட்டினாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைச் சோளம் குட்டை ரகம், தீவனத்துக்குத் தட்டு தேறாது. நம் சோளம் முளைக்காவிட்டால் கோடையில் ஆடுகளுக்குப் போட ஒன்றுமில்லை. விதைக்கிற மானாவாரிக் காட்டில் மழை ஈரம் நாலு நாளுக்குமேல் நிற்காது. ஆட்டு வியாபாரி வேறு சேந்தமங்கலத்திலிருந்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை. சாக்கைப் பிரித்தோம். எனக்குக் கண் சரியில்லை என்று அம்மா எண்ணினாள், நம்பாமல் நானும் எண்ணினேன். இருபத்துநாலுதான் முளைத்திருக்கிறது. அதிலும் ஏழெட்டு, வேர் நுனி பழுத்து வளைந்து கிடக்கிறது. முளைத்துவிட்டால் மட்டும் போதாது, மண்ணைப் பிளந்து வரும் வீரியமும் வேண்டும் என்று நீதானே சொன்னாய். அம்மா, "நெருக்கி வெதைங்க, பாதிக் காட்டுக்காச்சும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஏர் டிராக்டருக்கும் சொல்லியனுப்பிவிட்டாள். பாதிக் காட்டுத் தட்டு ஆறு ஆட்டுக்குத்தான் காணும். மீதி ஐந்தை வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். எந்த ஐந்து என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

நீ மருந்துப் புட்டிகளைத் தொட்டால் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு. நூறாண்டு நன்றாயிரு சாமி. கடிதம் வந்து சேரப் பதினைந்து நாளாகும் என்கிறார்கள். அதற்குள் போன் செய்தால் அம்மாவிடம் சோளத்தைப் பற்றிக் கேள், ஆடுகளைப் பற்றிக் கேட்காதே.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா,
செங்கோடன்