பக்கவாட்டில் போன அடி

வீட்டை ஆளும் மகாராணிக்கு, உன் ஆயுள் கைதி எழுதுவது. இங்கே நான் நலம். நான் மட்டும்.

போனில் சொன்னால் நம் மகள் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். இதை அவளிடம் காட்டாதே. வாயும் வயிறுமாக இருப்பவள்.

சுடும்போது தோளில் விழும் அடியைக் குறைக்க, துப்பாக்கி நுனியில் மாட்டும் ஓட்டைக் குழாய் ஒன்றை மாப்பிள்ளை செய்தாரே, அடி எவ்வளவு குறைகிறது என்று அளக்க நம் லேத் பட்டறையில் ஒரு ஸ்டாண்டு கட்டினோம். இரண்டு தண்டவாளம், மேலே துப்பாக்கியை இறுக்கிய குட்டி வண்டி, பின்னால் ஸ்பிரிங். வண்டி பின்னால் பாயும் தூரத்தைப் பென்சில் கோடு போட்டுக் காட்டும். முதல் குண்டுக்கே வண்டி பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் செங்கல்லைப் பெயர்த்தது. உன் கோபம் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல். அடுத்த தடவை ஸ்பிரிங் தெறித்து வெல்டர் கன்னத்தைக் கிழித்தது. அப்புறம் மணல் மூட்டைக்குப் பின்னால் பதுங்கி, கயிற்றை இழுத்துத்தான் சுட்டோம்.

குழாயை மாட்டினால் கோடு பாதிதான் வந்தது. மாப்பிள்ளை என்னைத் தூக்கிச் சுற்றினார். குழாயை விலைக்கு வாங்க வந்த ஆபீசர் மட்டும் உதட்டைப் பிதுக்கி, "வண்டிக்குத் தோள் இருக்கா பெரியவரே? ஆள் சுட்டுக் காட்டுங்க" என்றார். "உங்க தோளைக் குடுங்க சார்" என்றேன். சிரிக்கவில்லை. நானே தோளில் வைத்தேன். மாப்பிள்ளை குழாய்ப் பக்கம் குனிந்து, "பயமா இருந்தா கண்ணை மூடிக்கங்க மாமா" என்றார். சுட்டேன்.

எனக்குப் பூனை தட்டினது போலத்தான் இருந்தது. நெருப்பும் காற்றும் ஓட்டைகள் வழியாகப் பக்கவாட்டில் பாய்ந்து அவர் முகத்தில் அறைந்தன. புருவம் கருகி, இரண்டு காதிலும் ரத்தம் ஒழுகக் கிடந்தார். பின்னால் போவதை மட்டுமே அளந்தோம். பக்கத்தில் என்ன போகிறது என்று பார்க்க மூட்டைக்குப் பின்னால் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண் தப்பியது. வலது காது போய்விட்டது. இடது காது வந்தாலும் வரும் என்கிறார் டாக்டர். மகள் கூப்பிடும்போதெல்லாம், அவருக்கு வேலை என்று புளுகுகிறேன். போனை வைத்ததும் அவர், "அவ என்ன சொன்னா மாமா?" என்று கத்துகிறார். உங்களைத் திட்டுகிறாள் என்று கையால் காட்டுகிறேன். சிரிக்கிறார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

பிரசவம் ஆகும்வரை அவளைச் சமாளி, தாயே. பிள்ளை பிறந்த உடனே கூப்பிடு. போனை அவர் இடது காதில் வைக்கிறேன். காலைக் கிள்ளியாவது பிள்ளையைப் பலமாக அழ வை.

அதுவரை பொய் சொல்லிக்கொண்டிருக்கும்,
உன் கிழவன்