மில் மெஷினில் நான்கு சீன எழுத்து

புதன், ஆயுத பூஜை

காலையில் தூறல். மில்லில் அரவை இல்லை, கழுவல் மட்டும். தலை முழுக்கத் தூசி. கலர் சார்ட்டரை நானே துடைத்தேன். சீன மெஷின். அரிசியில் கல், கறுப்பு இருந்தால் கேமராவில் பார்த்துக் காற்றால் தள்ளிவிடும். ஆடி மாதத்திலிருந்து என் பொறுப்பு. அதற்கு முன்பு களத்தில், வெயிலில், நெல் துழாவிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பூஜை. முதலாளி எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். நான் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரி, வழக்கம்போல வாசலோடு நின்று பொரி வாங்கிக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், சின்னவளுக்கு ஸ்கேல்.

வியாழன்

இரவு கரண்ட் போய் வந்ததில் சார்ட்டர் திரை முழுக்கச் சீன மொழி. நல்ல நேரம் பார்த்துப் போட்டார்கள், ஓடவில்லை. சிவப்பு விளக்கு, அதன் கீழே நான்கு எழுத்து.

சி.மு. (சின்ன முதலாளி, முதலாளியின் தம்பி) எல்லார் முன்னாலும் கத்தினார். "இவதான் நேத்து தொடைக்கிறேன்னு எதையோ அமுக்கிகினு இருந்தா. திங்கக்கெழமையிலருந்து களத்துக்கே போவட்டும்!"

இப்போது எழுதும்போதுதான் பதில் பதிலாக வருகிறது. மறுபடி களம் என்றால் என்னால் முடியாது.

மெஷின் விற்ற ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப், பூஜை லீவு. மொழிபெயர்க்கும் ஆப்பில் காட்டினோம். திரையில் கோடு கோடாக விழுந்து, கடைசியில் 'கால் இல்லை' என்றது. மூட்டை தூக்கும் முருகன், "நாலு கால் கீதே, இன்னும் எத்தினி வோணுமாம்?"

நான்கு எழுத்தையும் ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டேன். எழுதினேன் என்று சொல்ல முடியாது.

வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

வீட்டுக்காரர் கார் ஓட்டுவது ஒரு வயதான கொரியா அதிகாரிக்கு. தாளைக் கொடுத்தனுப்பினேன். "அவங்க எழுத்து வேற, இது வேற. வீண் வேலை" என்றபடிதான் வாங்கிப்போனார். மதியம் போன்.

"ஸ்டெல்லா, பெருசு படிச்சிட்சிமா!"

சின்ன வயதில் பள்ளியில் சீன எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்களாம். உள்ளங்கையில் விரலால் எழுதி எழுதிப் பார்த்தாராம். கொரியா வாசிப்பில் குவாங்நியாங் புஜோக். வெளிச்சம் பத்தவில்லை என்று அர்த்தம். கடைசி எழுத்துக்குத் தனியாகக் கால் என்றும் அர்த்தமாம், ஆப் அதைத்தான் பிடித்திருக்கிறது. "சீனாக்காரன் இதையே வேற மாதிரி வாசிப்பானாம். அர்த்தம் மட்டும் ஒண்ணாம்."

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூட்டையில் 5 என்று போட்டால் நான் ஐந்து என்கிறேன், கணக்குப்பிள்ளை தெலுங்கில் ஐது, பீகார் பையன்கள் பாஞ்ச். மூட்டை ஒன்றுதான். இருந்தாலும் நான் பார்த்து வரைந்ததை ஒருவர் வாசித்துவிட்டார்! நாள் முழுக்க அதே சந்தோஷம்.

சனி

வெளிச்சம் பத்தவில்லை என்றதும் சி.மு. மெஷின் தலைக்கு மேல் ஒரு டியூப்லைட் மாட்டினார். ஓடவில்லை. நான் முன்கதவைத் திறந்து பார்த்தேன். கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில், நட்டநடுவில், உள்ளங்கை அகலச் சந்தனம். மேலே குங்குமம்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "மெஷினுக்கு அதானே கண்ணு. அங்க வெச்சா நல்லதுன்னு…"

சிரிப்பை அடக்க முருகன் வெளியே போய்விட்டான். ஆனால் யாரும் துடைக்க வரவில்லை. பூஜையில் வைத்த குங்குமத்தை எந்தக் கை அழிக்கும்? சி.மு. இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

முதலாளிதான் சொன்னார். "நம்ம கை வாணாம். ஸ்டெல்லா வேதக்காரப் பொண்ணு. அது தொடச்சா தோசம் இல்ல."

சுருக்கென்றது. பூஜைக்கு வாசல், துடைக்க மட்டும் நான். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கையைக் கட்டிக்கொண்டேன்.

"தொடைக்கிறேன் மொதலாளி. ஆனா நான் அமுக்கித்தான் கெட்டுப்போச்சுன்னு சின்ன மொதலாளி சொன்னாரே, அது இன்னா ஆச்சு?"

முதலாளி தம்பியைப் பார்த்தார். சி.மு. என்னைப் பார்க்காமல் குழாயடிக்குப் போனார். நல்ல துணியாகப் பார்த்து நனைத்து, பிழிந்து, கொண்டுவந்து நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

துடைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அரிசி விழ ஆரம்பித்தது, வெள்ளை வெளேரென்று.

திங்கட்கிழமை களத்துக்கு யார் போவது என்று சி.மு.விடம் கணக்குப்பிள்ளை கேட்டார். "வேற ஆள பாரு" என்றார்.