ஒற்றைக் காது உப்பு வணிகன்

அன்பு மருமகள் நிக்தேவுக்கு, மாமன் சக்துன் ஆசி கூறி எழுதுவது. கடற்கரையில் நீயும் உன் வீட்டாரும் நலம்தானே?

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். மழைக்கு முன்னால், சந்தையில், நாலு பேர் கேட்கச் சொன்னேன். என் இடது முழங்கால் துடித்தால் சூரியனுக்கு ஆகாது. உன் அண்ணன் முவான் சிரித்தான். “மாமா, உங்க முழங்காலுக்கு என் கணக்கு கொஞ்சம் தேவல” என்றான். புள்ளியும் கோடும் சிப்பியுமாக எண் போட்டு, அத்திப்பட்டைத் தாளில் முப்பது வருடத்து நிலவையெல்லாம் அடுக்கி, இன்ன நாள் உச்சியில் சூரியன் கடிபடும், அன்று படை கிளம்பக் கூடாது என்று அரசரிடம் சொன்னான். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

எழுத்து கோணலாக இருக்கிறதே, முவான் ஏன் எழுதவில்லை என்று நினைப்பாய். நானும் எழுத்து வீட்டில் இரண்டு மழைக்காலம் மை அரைத்தவன்தான். என் அறிவுக்குப் பயந்துதான் அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

சூரியன் தன் பாட்டன், பேரனைக் கைவிட மாட்டான் என்று அந்த நாளிலேயே படையைக் கிளப்பினார் அரசர். எதிரே மேல்கரைக்காரர்கள் நானூறு ஓடங்களில் வந்தார்கள், நானே எண்ணினேன். சொன்ன நாளில், சொன்ன பொழுதில் பகல் கறுத்தது. வான்கோழிகள் மரமேறின. நம் ஆட்கள் கேடயத்தைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து ஊளையிட்டார்கள். நான் மட்டும் ஆறு பேரைச் சாய்த்தேன். ஆனாலும் கயிறு எல்லோர் கழுத்துக்கும் ஒன்றுதான். அரசரின் தலை அன்றைக்கே அவர்கள் கோயில் படியில் உருண்டது.

எங்களைப் பந்தாட்டக் களத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். “எவன்டா சூரியனுக்கே நாள் குறிச்சவன்?” என்றான் அவர்கள் தலைவன். முவான் தலைத்துணியில் செருகியிருந்த தூரிகையைப் புதைத்து, மைக்கறை விரல்களில் சேறு பூசியிருந்தான். அப்போதுதான் உங்கள் ஊர் உப்பு வணிகன் ஒருவன், ஒற்றைக் காதன், மேல்கரைக்காரர்கள் நடுவிலிருந்து கை நீட்டினான். “அதோ, மூணாவது ஆளு! இவனை மாதிரி கைக்காரன் எந்த ஊர்லயும் கிடையாது. இவன் எழுதினா சூரியனே கேக்கும்!”

கல்மேல் முவானின் கையை வைத்தார்கள். முதலில் நகம், பிறகு விரல். “எண்ணுடா கணக்குக்காரா” என்றான் தலைவன். முவான் எண்ணினான். பத்து முடிந்ததும் தலைவன் அவன் கால் விரல்களைப் பார்த்து, “இருபதுக்கு இன்னும் பாதி பாக்கி இருக்கே” என்றான். அவன் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு தலைவனே சொன்னான்: “வேணாம், விடு. நடந்து ஊருக்குப் போகட்டும். இனி அவங்க ராசா பேரை எழுத ஆளில்லன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

அவனுக்குச் சோளக்கூழ் ஊட்ட என்னையும் கூடவே அனுப்பினார்கள். ஊட்டுகிறேன். அவன் ஒன்று மட்டும் தினமும் சொல்கிறான். உப்பளம் முழுவதும் உன் கணவர் கையில் இருக்கிறதாம். அந்த ஒற்றைக் காதனைப் பிடித்து, இதே கணக்கை அவன் விரல்களிலும் எண்ணச் சொல்லி எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன். இதுவரை எழுதியதைப் படித்து, இரண்டு பிழைகளை முழங்கையால் தொட்டுக் காட்டினான். திருத்தினேன்.

உன் பிள்ளைகள் பத்து விரலும் நோகாமல் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் சக்துன்

நிக்தே, முவான் ஆற்றுக்குப் போயிருக்கிறான், அதற்குள் இதையும் எழுதுகிறேன். உங்கள் ஊரில் காது அறுந்தவன் எவனாவது இருந்தால் அவனைத் தொட விடாதே, தாயே. அப்படி ஒருவனை நான் பார்த்ததே இல்லை; களத்துக் கூச்சலில் யார் காட்டிக்கொடுத்தது என்று தெரியாத முவானுக்கு நான் கட்டிச் சொன்ன கதை அது. போன போரில் பிடித்துவந்த சிற்பியை நாம் பாய் போட்டு உட்கார வைத்து, கொக்கோ கொடுத்து, படி செதுக்கச் சொன்னோமே, அவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். பெருமையும் பொறுக்கவில்லை. “அதோ, மூணாவது ஆளு, என் மருமகன்தான்” என்று நீண்டது, இந்தத் தூரிகையைப் பிடித்திருக்கும் விரல்.