கழுதை தின்ற கடிவாளம்

யூலை 27, சனி

சோளகக் காற்று இன்றும் விடவில்லை. தேத்தண்ணியில் மணல், கண்ணில் மணல். தோல் இழையில் மட்டும் படக்கூடாது என்று வீட்டுக் கோடிப்பக்கம் சாக்குக் கட்டி அதற்குள் இருந்து வேலை.

கடிவாளத்தின் பிடிவார் முடிந்தது. எட்டிழைப் பின்னல், குதிரைக்காரர் கைக்குள் அடங்கும் உருளை. மாட்டுத்தோலை மயிர் போக்கி, காயவைத்து, ஒரே நாராக வட்டமாய் வெட்டிப் பின்னியது. இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். மூன்றாம் தரமும்.

மிச்சம்:
தலைவார். கன்னத்துப் பட்டைகள் சரி. நெற்றிப்பட்டை பாதி.
முடிச்சுகள், பதினொன்று.
பூசக் கொழுப்பு, சலீம் நானாவிடம்.
வாசல் படலைக் கொளுக்கி. மூன்று கிழமையாகச் சொல்கிறாள்.

சொல்கிறவள் றீற்றா. இனி இதில் றீ. 'மனுசி' என்று எழுதி அவள் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இல்லை.

மத்தியானம் டெலிபோனில் பாபு சேட்டன், டுபாயிலிருந்து. குதிரைக் கொட்டில் மேற்பார்வையாளர், மலையாளி. அவர் பேசுவது எனக்கு விளங்கும், என் தமிழ் அவருக்கு விளங்கும். திரும்பி வருவதற்கு ஓகஸ்ட் பதினைந்தாம் திகதிக்குள் ஓம் அல்லது இல்லை. பிறகு என் இடத்துக்கு நேபாளத்து ஆள். பதினொரு வருடம் நின்ற இடம். இந்தப் பின்னலையே அங்கே நின்ற ஆர்ஜென்டீனாக்காரனிடம்தான் படித்தேன்.

எனக்குப் போக விருப்பமில்லை. இங்கே நிற்க இருக்கிற வழி ஒரே ஒரு குதிரை. அரிப்புக் கடற்கரையில் விடுதி கட்டும் மிஸிஸ் நேசராஜா, நுவரெலியாவில் பந்தயம் ஓடி முடித்த கபிலப் பெண்குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறார். நைலோன் கயிறு உரசிக் காதுக்குப் பின்னால் புண். அதற்குத்தான் இந்தத் தோல் வேலை. சரிவந்தால் கொட்டில் முழுக்க என் பொறுப்பு, இன்னும் இரண்டு குதிரை வருகிறது. சரிவராவிட்டால் பாபு சேட்டன்.

இரவுச் சாப்பாடு. மெரினாவின் குரல்: "அம்மா, அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லுங்கோ." நான் அவளுக்கு மூன்றடி தூரத்தில் கதிரையில். றீ. திரும்பி, "சாப்பிட வரட்டாம்." வீட்டுக்குள் ஒரு தபால் கந்தோர். நான் போனபோது மகளுக்குப் பதினொரு மாதம். இப்போது பதின்மூன்று வயது. இடையில் இரண்டு லீவு. அவளைக் குறை சொல்ல ஏலாது.

யூலை 28, ஞாயிறு

பூசை. கோயில் வாசலில் நாலு பேர், நாலு பேரும் ஒரே கேள்வி: "எப்ப திரும்பப் போறீர்?" வந்து ஒரு வருடம், எப்ப வந்தனீர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முடிச்சு வேலை நல்லாய் ஓடியது. இழையை இழுத்துப் பிடித்தபடி ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்க வேண்டும், அதுவரை விடக்கூடாது. விட்டால் முடிச்சு நெகிழும். அங்கே ஆர்ஜென்டீனாக்காரன் பாட்டுப் பாடி அளப்பான். எனக்குப் பாட்டு வராது. பத்துச் சின்ன முடிச்சு, பிறகு ஒரு பெரியது. தானாக அப்படி வந்துவிட்டது.

சூடை மீன் பொரியல். சந்தோஷமான நாள். காரணம் தேடவில்லை.

யூலை 30, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் படலை ஆவென்று கிடந்தது. முற்றத்தில் துரை. துரை என்பது ஒழுங்கை ஒழுங்கையாய்த் திரியும் கழுதைகளில் ஒன்று, ஒரு காது கிழிந்தது. மெரினா காலைச் சாப்பாட்டுப் பாணின் ஓரம் போட்டுப் பழக்கியது. ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது. வாயிலிருந்து ஒன்றரை அடி பிடிவார் தொங்கியது.

இழுத்தேன். அதுவும் இழுத்தது. அதன் பக்கத்து இழுவையில் பல்லும் இருந்தது.

றீ. ஓடிவந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். மதில் மேலால் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணை: "தம்பி, கழுதைக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

மூன்று கிழமை வேலை. நாலு அடி வயிற்றுக்குள், மிச்சம் மென்று கூழ். மெரினா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். பகல் முழுக்க வெளியே வரவில்லை.

கொளுக்கி போட்டுவிட்டேன். இப்போது.

யூலை 31, புதன்

விடியப் படுக்கையில் யோசனை. கழுதை கடதாசி தின்னும், வாழைப்பழத் தோல் தின்னும். மாட்டுத்தோலைத் தின்னுமா? டுபாயில் குதிரை லாயம் நிறையத் தோல் வார் தொங்கியது, ஒன்றையும் ஒன்றும் கடித்ததில்லை.

எழும்பிப் போய், தப்பிய தலைவாரை எடுத்து நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.

கருவாடு.

பிறகுதான் ஞாபகம். மயிர் போக்கிக் கழுவிய தோலைக் காயப்போட முன், ஒரு வாளி உப்பை எடுத்து மேலும் கீழும் தடவியிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. அந்த அகலத்தில் ஒன்றைப் பரப்பினால் இந்தக் கை உப்பைத் தேடும். சின்ன வயதில் கருவாட்டுக்குத் திருக்கை, கட்டா என்று எத்தனை நூறு மீன். டுபாயில் தோல் காய்ந்துதான் வரும், காயப்போட அங்கே வேலை இருந்ததில்லை. விடிய விடிய இழை வியர்த்ததும், பகலில் வெள்ளையாய்ப் பூத்ததும் இப்போதுதான் விளங்குகிறது. தோலின் தன்மையாக்கும் என்று துடைத்துத் துடைத்துப் பின்னியிருக்கிறேன்.

றீ.: "நீங்கள் உப்புப் போடேக்க நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"டுபாயிலயும் அப்பிடித்தானாக்கும் எண்டு இருந்திட்டன். குதிரைக்குக் கருவாட்டு மாலை."

இதற்கு நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இதையே அரிப்புக்குக் கொண்டுபோய் அந்தப் புண்ணின் மேல் கட்டியிருப்பேன். உப்பு, வியர்வை, புண். வாயில்லாத சீவன். துரைக்கு நான் ஒன்றும் செய்யாமல் விட்டதே நல்லது.

தலைவாரைக் குலைத்தேன். இழை எல்லாவற்றையும் வாளியில் ஊறப்போட்டாயிற்று. எங்கள் கிணறே உவர், எப்போது உப்புப் போகுமோ.

ஓகஸ்ட் 1, வியாழன்

முதல் பஸ்ஸில் அரிப்பு. ஒன்றும் மறைக்கவில்லை. மிஸிஸ் நேசராஜா கேட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா, தெரியவில்லை.

"பதினேழாம் திகதி முதல் விருந்தினர் வரீனம், அன்ரன். பதினாலுக்கு முடியுமோ?"

"முடியும்."

எப்படி முடியும் என்று தெரியாமல் சொன்ன 'முடியும்'.

குதிரைக்குப் புண் ஆறத் தொடங்கி மேலே தோல் மெல்லிசாய் மூடியிருக்கிறது. கழுத்தைத் தடவ நின்றது. காதுப் பக்கம் கை போனால் தலையைத் தூக்குகிறது. கொட்டிலுக்குள் அதற்கு ஒரு மின்விசிறி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். சண்டை முடிந்த வருடம் றீ.யும் மெரினாவும் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த மாதங்களில் நான் குதிரைகளைக் குளிர்மெஷின் போட்ட அறையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் இருக்கிறார்களா என்று தெரியாத நாட்களிலும் நேரம் தவறாமல் அந்த மெஷினைப் போட்டேன். றீ. இதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கம், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 2, வெள்ளி

சலீம் நானாவின் இறைச்சிக்கடை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்து திரும்பி வந்தவர். நோன்பு வாயோடு என் கதையைக் கேட்டுச் சிரித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் சிரித்தார்.

"தம்பி, கொழும்பு லொறிக்குப் போற தோலுக்குத்தான் நாங்க உப்புப் போடுற. உங்களுக்கு வெட்டின கையோட தாறன். வீட்டில உப்பு வாளியை ஒளிச்சு வைக்கச் சொல்லுங்க."

நல்ல தோல். முதுகில் ஒரு கீறல் இல்லை. சாம்பல் குழைத்துப் பூசி, மடித்து, பீப்பாவுக்குள். மூன்று நாள்.

றீ. உண்மையிலேயே உப்பு வாளியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். பகல் கறிக்கு உப்பில்லை. திறப்பை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

ஓகஸ்ட் 5, திங்கள்

மயிர் கழலுகிறது. மொட்டைக் கத்தியால் வழித்தல், பலகையில் சாய்த்துப் போட்டு. நாற்றம் ஊருக்கே. மரியதாஸ் அண்ணை யன்னல் சாத்தும் சத்தம்.

பின்னேரம் முதுகுக்குப் பின்னால், "அப்பா."

எப்போதும் 'அம்மா' என்றுதான் தொடங்கும் குரல். திரும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"படலையைச் சாத்தாமல் விட்டது நான்தான். துரைக்குப் பாண் குடுத்திட்டு அப்பிடியே வந்திட்டன்."

ஆறு நாள் இதை நெஞ்சுக்குள் வைத்துத் திரிந்திருக்கிறாள். கண் கலங்கியிருந்தது.

"கொளுக்கி போடாமல் விட்டது நான், பிள்ளை. உப்புப் போட்டதும் நான்."

"உங்களுக்குக் கோபம் இல்லையோ?"

"துரை தின்னாட்டி அந்த உப்பு குதிரையின்ர புண்ணில பட்டிருக்கும்."

யோசித்தாள். "அப்ப துரைக்குப் பாண் குடுக்கலாமோ?"

"ரெண்டு துண்டாய்க் குடு."

போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது சரியான மணம் அப்பா."

எனக்கு நேரே சொன்னவை ஐந்து. மணத்தையும் சேர்த்து. இருட்டும்வரை தோலை வழித்தேன், முதுகு நோகவே இல்லை.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணி முழுவதும் முடிந்தது. றீ. ஏசினாள். ஏசிக்கொண்டே இன்னும் இரண்டு கான் தண்ணி எடுத்து வந்தாள்.

ஓகஸ்ட் 7, புதன்

தோல் சட்டத்தில், நிழலில். உப்பு இல்லை. ஒவ்வொரு மூலையிலும் நாக்கால் பார்த்தேன். இந்தத் தரம் சோளகம் என் பக்கம். தட்டினால் மேளச் சத்தம்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

பெருநாள். சலீம் நானா வீட்டிலிருந்து வட்டிலாப்பம். கடையில் கொழுப்பும் எடுத்து வைத்திருக்கிறாராம்.

வட்டமாய் வெட்டத் தொடங்கி, ஒரே இழை, அறாமல் முடித்தாயிற்று. மூச்சு விடப் பயந்து வெட்டினேன். எட்டிழைக்கு நேரமில்லை, நாலிழை. முடிச்சுகளை மட்டும் குறைக்கமாட்டேன். சேர்மானம் ஒன்றும் காதடியில் வராதபடி அளவு பார்த்தேன்.

ஓகஸ்ட் 12, திங்கள்

விரல் நுனி எல்லாம் வெடிப்பு. வாயில் இழையைக் கடித்துப் பிடித்துப் பிடித்து முன்பல் ஆடுகிற மாதிரி.

மெரினா வந்து பக்கத்தில் குந்தினாள். ஒன்றையும் தொடவில்லை. நான் இழுத்துப் பிடித்து முணுமுணுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினைஞ்சாம் திகதி திரும்பப் போறீங்களோ?"

அம்மா சொல்லியிருக்க மாட்டாள். டெலிபோன் கதை இவள் காதில் விழுந்திருக்கிறது.

"குதிரைதான் சொல்லவேணும்."

"உங்களுக்கு?"

"எனக்கு இஞ்ச நிக்கத்தான் விருப்பம்."

வாளியைக் காட்டி, பழைய இழையில் துரைக்கு ஒரு கழுத்துப்பட்டை செய்யலாமோ என்றாள். றோட்டில் வாகனக்காரர் கண்டு பிரேக் பிடிப்பார்களாம். தண்ணியை மாற்றி ஊறப்போட்டேன். இது எத்தனையாவது தண்ணியோ.

ஓகஸ்ட் 14, புதன்

றீ. காலையிலேயே மடு மாதாவிடம், கோயில் பஸ்ஸில், நாளைத் திருநாளுக்கு. மெரினா போகவில்லை, வயிற்றுக்குத்தாம். மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்ட வயிற்றுக்குத்து. மரியதாஸ் அண்ணை வீட்டில் விட்டுவிட்டு நான் அரிப்புக்கு.

தலைவாரை முதலில் என் கையில் சுற்றிக் குதிரைக்கு மணக்கக் கொடுத்தேன். பிறகு கழுத்தில் வைத்தேன். பிறகு மெல்ல மேலே. காதடிக்கு வந்தபோது தலையைத் தூக்கியது. கையை எடுக்காமல் நின்று வாய்க்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். முடிவதற்குள் தலை இறங்கிவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டு என் சேட்டுக் கையில் மூக்கைத் துடைத்தது.

மிஸிஸ் நேசராஜா பிடிவார் முடிச்சுகளை விரலால் எண்ணினார். "ஏன் பத்துப் பத்தாய்?"

"கணக்குப் பிழைக்காமல் இருக்க."

ஏறிக் கடற்கரையில் ஒரு சுற்றுப் போய்வந்தார். பட்டையைத் தூக்கிப் புண் இருந்த இடத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இரவும் போட்டபடி விட்டுப் பாப்பம். நாளைக்குக் காலமை டெலிபோன் எடுக்கிறன்."

ஓகஸ்ட் 15, வியாழன்

கோயில் மணி. காற்றுக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சும்மா இருக்க ஏலாமல் துரையின் கழுத்துப்பட்டையைத் தொடங்கினேன். இழையை நக்கிப் பார்த்தேன். பரவாயில்லை.

மெரினா முற்றம் கூட்டினாள். முடித்துவிட்டுத் திரும்பவும் கூட்டினாள். டெலிபோன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலியில்.

பத்து மணிக்கு அரிப்பிலிருந்து டெலிபோன். உரசல் இல்லை, தோல் சிவக்கவும் இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரட்டாம், மற்ற இரண்டு குதிரையின் தலை அளவும் தருவாராம். "ஓம், ஓம், வாறன்" என்றேன். வைத்துவிட்டு மெரினாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி கூடிவிட்டது. இரண்டு பேரும் குடித்தோம்.

பன்னிரண்டரைக்கு மற்ற டெலிபோன். கையில் ஈர இழை, ஒரு நுனி பல்லுக்குள், முடிச்சு பாதி இழுவையில். விட்டால் நெகிழும். திரையில் பாபு சேட்டன் பெயர். மெரினா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எடுத்தாள்.

"ஓம், நான் மகள்தான் கதைக்கிறன். இல்லை, அப்பா வரமாட்டார். அப்பாவுக்கு இஞ்ச வேலை கிடக்கு."