விடு என்றாரா, குடு என்றாரா

முசாசி தேயிலைத் தோட்டம்,
சிப்பிங்கே.
13 ஜூன் 2004

அன்பு மகள் செனாய்க்கு அம்மா எழுதுவது.

நீயும் பிறந்த பிள்ளையும் சுகமா? வயிற்றுத் தையல் ஆறிவிட்டதா? தண்ணீர் வாளி தூக்காதே. மாப்பிள்ளை தூக்கட்டும், ஆம்பளைக்கு இடுப்பு ஒன்றும் ஒடிந்துவிடாது. இங்கே நாங்கள் இருக்கிறோம். அப்படித்தான் எழுத முடிகிறது.

அப்பாவைப் புதைத்து இன்றோடு இருபத்து மூன்று நாள். கிளப் செயலாளர் வீட்டுப் போனில் உன்னைப் பிடித்தபோது எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. சாவு வீட்டிலிருந்து நல்ல சேதியா என்று கேட்காதே. வரிசையாகச் சொல்கிறேன், இல்லையென்றால் எனக்கே குழம்பிவிடும்.

நம் கால்பந்து மைதானத்துச் சுவரை நீ மறந்திருக்க மாட்டாய். கிளப்பின் கதை முழுவதும் அதில் வருடம் போட்டு எழுதியிருக்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்ற நான் ஒழுங்காகப் படிக்கக் கற்றதே அதில்தான். கல்யாணமான புதிதில் அப்பா மைதானக் கோட்டுக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவார். 1974, கொதிகலன் அறை ஆட்களும் இலை உலர்த்துகிற ஆட்களும் சேர்ந்து ஆரம்பித்தது. சட்டை கிடையாது, தேயிலைச் சாக்கில் ஓட்டை போட்டு எண் எழுதி மாட்டிக்கொண்டார்கள். 1981, மாவட்டக் கேடயம். 1986, முதல் டிவிஷன். 1987, தலைநகரத்துப் பெரிய அணியை மூன்றுக்கு ஒன்று என்று அடித்தோம். மறுநாள் தொழிற்சாலைக்கு ஒருவரும் போகவில்லை, மானேஜரும் போகவில்லை. அந்த அணியில்தான் அப்பா ஐந்தாம் எண், பின்வரிசை. கெஃபாஸ் மாமா கோல்கீப்பர். நம் அணிக்குத் தேனீக்கள் என்று பெயர் வந்ததும் அப்போதுதான். எதிராளி நம் கோல் பக்கம் வந்தால் நம் ஜனம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு 'ங்ங்ங்' என்று இரையும். வந்தவனுக்குக் காலும் ஓடாது, காதும் கேட்காது.

அதற்கு அடுத்த வரி, உன்னை இந்த ஊரை விட்டு ஓட வைத்த வரி. '1988, கோப்பை இறுதிப்போட்டி, 0-1. முயாம்போ, சேம்சைடு கோல்.' அந்தச் சுவரில் அப்பாவின் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில்தான்.

பந்து அப்பா காலில் இருந்தது. பின்னாலிருந்து மாமா கத்தினார். அப்பா பந்தைப் பின்னால் தள்ளினார், மாமா அங்கே இல்லை. சர்ச்சுக்குப் பிந்தி வந்தவள் உள்ளே நுழைகிற மாதிரி பந்து சத்தமில்லாமல் கோலுக்குள் போனது. "நான் விடுன்னு கத்தினேன், இவன் தட்டி விட்டுட்டான்" என்றார் மாமா. "எனக்குக் குடுன்னுதான் கேட்டுச்சு" என்றார் அப்பா. யார் சொல்வது சரி என்று சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. பன்னிரண்டு பஸ்ஸில் போன நாங்கள் எல்லோரும் அப்போது இரைந்துகொண்டிருந்தோம். நானும்தான். ஐந்து வயதில் என் தோளில் உட்கார்ந்து நீயும்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஒருவன் தப்பான வால்வைத் திறந்தால் "முயாம்போ பண்ணிட்டான்". சோளக்களி அடிப்பிடித்தால் "முயாம்போ ஆயிடுச்சு". பள்ளிக்கூடத்தில் நீ கணக்கைத் தப்பாகப் போட்டால் சொல்லவே வேண்டாம். பதினான்கு வயதில் அழுதுகொண்டு வந்து அப்பாவிடம், "காது கேக்கலைன்னா நீ ஏன் விளையாடப் போனே?" என்று கேட்டாய். அதிலிருந்து நீ அவரோடு பேசவில்லை. ஊரை விட்டுப் போனதும் என் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டாய். குறை சொல்வதற்காக எழுதவில்லை, மகளே. நடந்ததை எழுதுகிறேன்.

அவரே தன் காதை நம்பவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைத் தேயிலை வரிசையின் ஒரு கடைசியில் நிறுத்திவிட்டு அவர் மறு கடைசிக்குப் போய் முதுகைக் காட்டி நிற்பார். நீ விடு என்றோ குடு என்றோ கத்த வேண்டும். நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாய். அது விளையாட்டு இல்லை. ஒரு தடவை கூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. அப்படியும் நம்பாமல் மருத்துவமனைக்குப் போய்க் காட்டினார். நர்ஸ் காதுக்குள் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எலி நடக்கறதே கேக்கும்" என்றாளாம். வீட்டுக்கு வந்து, "அப்போ அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

போன வருடம் ஒருவழியாக நாம் அந்தக் கோப்பையை ஜெயித்தோம். சுவரில் அதை மஞ்சள் பெயிண்டில் எழுதினார்கள். ஊர்வலத்தில் ஒருவன் அப்பாவைப் பார்த்து, "முயாம்போ, இனிமே நிம்மதியா தூங்கலாம்" என்றான். அவர் சிரித்தார். தூங்கவில்லை.

இனி அடக்கத்தைச் சொல்கிறேன். நம் குடும்பத்துக்கு கெஃபாஸ் மாமாதான் சாஹ்விரா, சடங்கு நண்பர். அவர் இல்லாமல் குழி வெட்ட முடியாது, அவர் செத்தவர் மாதிரி ஆடிக்காட்டாமல் பெட்டியை இறக்க முடியாது. அன்றைக்கு அவர் எதை வேண்டுமானாலும் பேசலாம், எவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுதான் எனக்குப் பயம். முதல் நாளே அவரைக் கூப்பிட்டு, அந்தக் கோலை மட்டும் ஆட வேண்டாம் என்று கெஞ்சினேன். "அதை விட்டா நான் எதை ஆடறது, அம்மா? அவன் மூக்கு சிந்தறதையா?" என்றார். எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவின் ஐந்தாம் எண் சட்டையையும் சுண்ணாம்புக் கறைக் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்தார். அப்பா மாதிரியே தோளைச் சாய்த்து நடந்தார், மூக்கையும் சிந்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பின்னாலிருந்து, "கோலை ஆடு, கோலை ஆடு" என்று கத்தினார்கள். சமையல் பக்கமிருந்து யாரோ ஒரு முட்டைக்கோஸை உருட்டிவிட்டார்கள், பந்துக்கு.

மாமா அதைக் காலால் நிறுத்தினார். பிறகு அப்பாவின் சட்டையைக் கழற்றி மடித்து உன் எஸ்னாத் அத்தை கையில் கொடுத்தார். "இப்ப நான் எல்ஃபாஸ் முயாம்போ இல்ல. இப்ப நான் கெஃபாஸ், கோல்கீப்பர்" என்றார். சாஹ்விரா செத்தவரை ஆடுவான், தன்னையே ஆடி யாரும் பார்த்ததில்லை. கையை விரித்து நின்று, "குடு!" என்று கத்தினார்.

"யோவ், விடு! அது விடு! வயசானா வசனம் கூட மறந்து போகுமா?" என்று பழைய கேப்டன் எடுத்துக்கொடுத்தார்.

"குடு!" என்று மறுபடி கத்தினார் மாமா. மூன்றாம் தடவை கத்தவில்லை, மெல்லச் சொன்னார். "குடுன்னுதான் சொன்னேன். சொல்லிட்டு நான் இடது பக்கம் ஓடினேன். ஸ்டேடியமே பாக்குது, நானும் கொஞ்சம் ஆட்டம் காட்டலாம்னு நினைச்சேன். அவன் நான் கத்தின எடத்துக்குத்தான் பந்தை அனுப்பினான். உள்ள போனதும் கோச் மண்டையை உடைக்க வந்தாரு, என் நாக்கு தானா விடுன்னு மாத்திக்கிச்சு. அப்புறம் திருப்ப முடியல."

கேப்டன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். எஸ்னாத் அத்தை களிக் கரண்டியோடு குறுக்கே போய் நின்று, "சாஹ்விரா மேல கை வைக்கக் கூடாது. அடிச்சுட்டா குழியை யாரு மூடறது, நீயா?" என்றாள். பிறகு மாமா பக்கம் திரும்பி, "பதினாறு வருஷம்டா, மலைக்குரங்கே. குழியை மூடிட்டு வா, நான் என் பங்கைச் சொல்றேன்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதுகொண்டே.

என்னை உட்கார வைத்தார்கள். என் மனதில் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது. அவர் தெரியாமலே போய்விட்டாரே. ஊருக்கெல்லாம் தெரிந்து என்ன, அவருக்குத் தெரியவில்லையே.

அதைப் படித்த மாதிரி மாமா என் முன்னால் வந்து மண்டியிட்டார். சாவதற்குப் பத்து நாள் முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு இருவரும் பேசினார்கள். திரும்பி வரும்போது அப்பா இருமல் முட்டுகிற வரை சிரித்துக்கொண்டிருந்தார். சாகப் போகிற மனுஷனைச் சிரிக்க வைக்கிறானே என்று எனக்கு எரிச்சல். அப்பா சொன்னாராம்: "அப்போ என் காது நல்ல காதுதான். இதை இப்ப ஊர்ல சொன்னா உன்னைக் கொன்னுடுவாங்க. என் அடக்கத்துல சொல்லு, அன்னிக்கு உன்னை ஒருத்தனும் தொட முடியாது. இவகிட்ட மட்டும் சொல்லிடாதே, எனக்கு முன்னாடி நீ போயிடுவே."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் அவர் கஞ்சி கேட்டுக் குடித்தார். விடியும் வரை புரளாமல் தூங்கினார். மருந்து வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கிளப் கமிட்டி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். முப்பதாம் வருட விழாவுக்குச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடிக்கிறார்கள். 1988க்கு நேராக என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்டார்கள். கெஃபாஸ் மாமாவும் வந்திருந்தார். "என் பேரை எழுதுங்க, அதான் நியாயம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவருக்கும் மகள் வயிற்றுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அது என்ன பாடு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். 'இறுதிப்போட்டி வரை போனோம்' என்று எழுதி, கீழே பதினொரு பேர் பெயரையும் போடுங்கள் என்றேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை. எல்ஃபாஸ் முயாம்போ ஐந்தாவதாக இருக்கிறார். நின்று இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு இப்போது மூச்சு விட முடிகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஒரு ஆளுக்குக் களி கிண்ட இன்னும் பழகவில்லை, ஆனாலும் மூச்சு விட முடிகிறது.

நீ ஒன்றையே நினைத்து அழுதுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், பால் குறைந்துவிடும். அவர் உன்னைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. பேரன் பிறந்த சேதி வந்தபோது பேச முடியாமல் விரலால் பாயில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் மே மாதம் கல்லறைச் சடங்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. அவனுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் இங்கே அவனை யாராவது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்லு. அப்பாவிடம் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கும். தனியாகப் போய் நின்று சொல்லு. கத்த வேண்டாம், மெதுவாகவே சொல்லு. அவருக்கு நன்றாகக் கேட்கும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா